நிலமகளை ஆராய்ந்த பிளான்போர்டு

நிலத்தைத் தாயென்று போற்றுதல் தமிழர்தம் தொன்மரபு. மண்ணினின்றே மனிதன் வனையப்பட்டான் என்பது நம் திருமறை உணர்த்தும் செய்தி. அம்மண்ணின் வரலாற்றை ஆராய்ந்தறிந்த பேரறிஞருள் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்பார் ஒருவர்.

இவர் 1834-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். 1855-இல் தம் உடன்பிறந்தார் வில்லியத்தோடு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை ஆராயும் பணி இவர்க்கு வாய்த்தது. கடலுக்குச் சேய்மையிலுள்ள அந்நிலத்தில் கிளிஞ்சல்களும், அம்மோனைட்டு என்னும் சுருளோட்டு உயிர்களும் கல்லாய்க் கிடந்தன. பண்டு அது கடலடியாய் இருந்ததென்பதற்கு அவையே சான்றாயின. பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பகுத்து, 1862-இல் இவர் தம் ஆய்வை வெளியிட்டார். அவ்வடுக்குகளின் அகவை கோடிக்கணக்கான ஆண்டுகள் என்பது இக்காலத்தார் கண்ட முடிபு.

உடல்நலங் குன்றியமையால் அப்பணியை நீத்துக் கல்கத்தாவிலுள்ள பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராய் அமர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே தாது வருடப் பஞ்சம் தொடங்கி எண்ணிறந்தோரை மாய்த்தது. மழை பொய்த்தற்குக் காரணம் தேடிய இவர், இமயத்திற் பனி மிகுமாயின் சமவெளியில் மழை குறையும் என்னும் தொடர்பை 1884-இல் எடுத்துரைத்தார். 1893-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அறிவியல் நிலத்தைத் தாயென்று அழைப்பதில்லை; எனினும் முடியிற் படியும் பனி அடியிலுள்ள வயலை வாட்டுமெனின், நிலம் ஓருடலே போல்வதன்றோ! இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளுக்கென அகழப்படுகின்றது. தாய்மடியிற் பொருள்கொள்ளும் மக்களாகிய நாம், அவள் வரலாறு பொறித்த ஏடுகளையும் உடன் அழித்தல் தகுமோ?