பறவை காண வந்த பியர் சொன்னரா

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால், 1739ஆம் ஆண்டில் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். தெற்கே நாகப்பட்டினத்தில், 1781ஆம் ஆண்டுவரை, டச்சுக்காரர். சுற்றிலும் தஞ்சை நாடு. வயலிலும் கழியிலும் இரைதேடும் பறவைகளுக்கு இவ்வெல்லைகள் ஒரு பொருட்டல்ல. ஆனால், பறவைகளைத் தேடிச் சோழமண்டலக் கரைக்கு வந்த ஒரு பிரெஞ்சு இயற்கையியலாளரின் வாழ்வை அவ்வெல்லைகளே நிர்ணயித்தன. அவர் பியர் சொன்னரா.

பிரான்சின் லியோன் நகரில் 1748ஆம் ஆண்டு பிறந்த சொன்னரா, இருபது வயதில் மொரீசியசுத் தீவை அடைந்தார். அங்கே ஆட்சிப் பொறுப்பிலிருந்த உறவினர் புவாவ்ரின் ஆதரவும், கொமெர்சோன் என்னும் தாவரவியல் அறிஞரின் பயிற்சியும் அவருக்குக் கிட்டின. 1771, 1772ஆம் ஆண்டுகளில், கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைத் தேடி மொலுக்காத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் அவரும் பயணித்தார். பிலிப்பைன்சில் அவர் கண்டு வரைந்த பறவைகளுள் நீளவால் இலைக்கோழியும் ஒன்று. நம் டெல்டாக் குளங்களில் தாமரை இலைமேல் நடந்து திரியும் அதே பறவைதான்.

1776ஆம் ஆண்டில் வெளியான அவருடைய முதல் நூல், நியூகினிப் பயணம் என்னும் பெயர் தாங்கியது. உண்மையில் அவர் நியூகினியில் கால் வைத்ததே இல்லை. பிறர் வழியாகக் கைக்கு வந்த பறவைகளையும் தாம் கண்டவை போலவே அந்நூலில் சேர்த்துவிட்டார். அதன் விளைவாக, ஆஸ்திரேலியாவின் கூக்கபரா மீன்கொத்தி, லத்தீன் பெயரில் நியூகினியின் பறவையாயிற்று. தென்முனைக் கடலில் வாழும் பென்குவின் ஒன்று பாப்புவாவின் பெயரைச் சுமக்கிறது. காணாததைக் கண்டதாக எழுதிய பிழை, இருநூறு ஆண்டுகள் கடந்தும் திருத்த இயலாததாகப் பெயரிலேயே தங்கிவிட்டது.

1774ஆம் ஆண்டு முதல் அவர் மேற்கொண்ட நெடும்பயணம் அவரை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. தமிழ் நிலத்தின் கோயில்கள், விழாக்கள், தொழில்கள் ஆகியவற்றைப் பறவைகளுக்கு இணையான ஆர்வத்தோடு நோக்கினார். ஆனால் 1778ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர், காரைக்காலும் வீழ்ந்தது. 1781ஆம் ஆண்டில் அப்பயணம் முடிந்தது. மறு ஆண்டில், 140 செப்புத்தகட்டுப் படங்களோடு அவருடைய இந்திய, சீனப் பயண நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. தென்னிந்தியச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை அதில் விவரித்த சொன்னரா, வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே எனக் கருதினார்.

1786ஆம் ஆண்டில் அவர் மீண்டும் இந்தியா வந்தார். 1790ஆம் ஆண்டில் ஏனாம் நிர்வாகியானார். 1793ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் எனப் பிரெஞ்சுப் பகுதிகள் ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. சொன்னரா சிறைப்பட்டார். நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய அந்தப் புதுச்சேரிச் சிறைவாசம், 1813ஆம் ஆண்டுவரை நீண்டது. மடகாஸ்கர் முதல் பிலிப்பைன்சுவரை கடல் கடந்து திரிந்தவருக்கு, இருபது ஆண்டுகள் ஒரே கரை என்றாயிற்று.

அவர் விடுதலை பெற்ற அதே 1813ஆம் ஆண்டில், டச்சு அறிஞர் தெம்மிங்க் அந்தக் காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டு சொன்னரா பாரிசில் மறைந்தார். 1817ஆம் ஆண்டில் காரைக்கால் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவர் இல்லை.

காட்டுக்கோழி பற்றிய அவர் கருத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூலம் என நிறுவினர். எனினும் 2008ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது எனக் காட்டிற்று. போகாத நாட்டைப் பற்றி எழுதியது பிழையாகவே நின்றது. நேரில் கண்ட பறவையைப் பற்றி எழுதியதிலோ ஒரு பகுதி உண்மை எஞ்சியிருந்தது.

சிறைவாசமும் அவருடைய எழுத்தை நிறுத்தவில்லை. 1786 முதல் 1813 வரையிலான தம் இரண்டாம் இந்திய வாழ்வைப் பற்றி ஒரு புதிய நூலை அவர் எழுதி வைத்திருந்தார். அச்சேறாமல் கையெழுத்துப்படியாகவே கிடந்த அந்நூல், அவர் மறைந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை வெளியிட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் இருப்பது, அவர் சிறையிருந்த புதுச்சேரியிலேயே.