குளோட் சாப்

குளோட் சாப் (டிசம்பர் 25, 1763 – சனவரி 23, 1805) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். குன்றுகளின் மீதும் கோபுரங்களின் மீதும் நிறுவப்பட்ட அசையும் மரக்கைகளைக் கொண்டு செய்தி அனுப்பும் காட்சித் தந்தி முறையை உருவாக்கியவர் இவர். இம்முறையில் அமைந்த நிலையத் தொடர்கள், ஒரு நாடு முழுவதும் பரவிய முதல் தொலைத்தொடர்புப் பிணையமாகப் பரவலாகக் கருதப்படுகின்றன. கணுக்களை எந்த வடிவில் இணைப்பது, அவ்வடிவத்தால் கிடைப்பது எது, இழப்பது எது என்னும் கேள்விகள் கணினிப் பிணையங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இப்பிணையத்தில் எழுந்தன.

இளமைக்காலம்

பிரான்சின் சார்த் பகுதியில் உள்ள புருலோன் என்னும் ஊரில் சாப் பிறந்தார். வெள்ளிக் கோளின் இடைநகர்வுகளை ஆராய்ந்த வானியலாளர் சான் பத்தீசுட்டு சாப் தோத்தரோசு இவருடைய உறவினர். கிறித்தவத் திருச்சபைப் பணிக்கெனக் கல்வி பெற்ற குளோட் சாப், திருச்சபை மானியம் ஒன்றின் வருவாயைக் கொண்டு இயற்பியல் சோதனைகளில் ஈடுபட்டு வந்தார். 1789 ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து அந்த மானியத்தை இழந்தார். அதன் பின்னர் தம் சகோதரர்களுடன் சேர்ந்து தொலைவில் உள்ளோருக்கு விரைவாகச் செய்தி அனுப்பும் வழியை ஆராயத் தொடங்கினார்.

முதல் சோதனைகள்

முதலில் மின்சாரத்தைப் பயன்படுத்த எண்ணினார். ஆனால் அக்காலத்தில் தகுந்த மின்காப்புப் பொருட்கள் இல்லாமையால் அம்முயற்சியைக் கைவிட்டார். பின்னர் ஒரே கதியில் இயங்கும் இரு கடிகாரங்களையும், கருப்பு வெள்ளைப் பலகைகளையும் பயன்படுத்தி ஒரு முறையை உருவாக்கினார். 1791 மார்ச் 2 அன்று புருலோனுக்கும் சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள பார்சே என்னும் ஊருக்கும் இடையே இம்முறையில் செய்தி அனுப்பிக் காட்டினார்.

அதே ஆண்டில் இவருடைய அண்ணன் இக்னாசு சாப் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதனால் அரசின் கவனத்தைப் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. எனினும் பாரிசில் நிறுவப்பட்ட கருவிகள் மக்கள் கூட்டத்தால் அழிக்கப்பட்டன. சிறை வைக்கப்பட்டிருந்த அரச குடும்பத்துக்கு இக்கருவி மூலம் இரகசியச் செய்தி அனுப்பப்படுவதாக மக்கள் ஐயுற்றதே இதற்குக் காரணம்.

1793 சூலை 12 அன்று, பாரிசை அடுத்த மெனில்மோந்தான், எக்குவான், சென் மார்தான் து தெர்த்ரு ஆகிய மூன்று இடங்களுக்கு இடையே சோதனை நடைபெற்றது. சுமார் 26 கி.மீ. தொலைவைச் செய்தி 11 நிமிடங்களில் கடந்தது. அயல்நாட்டுப் படைகளுடன் போரிட்டுக்கொண்டிருந்த குடியரசுக்கு எல்லையிலிருந்து விரைவில் செய்தி தேவைப்பட்டது. எனவே அதே மாதத்தில் தேசியப் பேரவை இம்முறையை ஏற்றுக்கொண்டு, பாரிசுக்கும் வடக்கு எல்லையிலுள்ள லீல் நகருக்கும் இடையே ஒரு தடம் அமைக்க முடிவு செய்தது. 1794 ஆகத்து 30 அன்று கோந்தே நகரம் மீட்கப்பட்ட செய்தி இத்தடம் வழியாகப் பாரிசை அடைந்தது.

கருவியும் குறியீடும்

ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கம்பத்தின் உச்சியில் நீண்ட மரச்சட்டம் ஒன்றும், அதன் இரு முனைகளில் இரு சிறு கைகளும் பொருத்தப்பட்டன. கடிகார வினைஞர் பிரெகே இதன் இயங்கமைப்பை உருவாக்க உதவினார். சட்டத்துக்கு 4 நிலைகளும் ஒவ்வொரு கைக்கும் 7 நிலைகளும் இருந்தமையால் மொத்தம் 196 வடிவங்கள் கிடைத்தன. தவறுகளைக் குறைக்கும் பொருட்டு இவற்றில் பாதி மட்டுமே குறிகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. 1795 ஆம் ஆண்டின் குறியீட்டு நூலில் 92 பக்கங்களும், பக்கத்துக்கு 92 பதிவுகளும் இருந்தன. எனவே இரண்டு குறிகளைக் கொண்டு 8464 சொற்களில் அல்லது சொற்றொடர்களில் ஒன்றைக் குறிக்க முடிந்தது.

நிலையப் பணியாளர் தொலைநோக்கி வழியாக முந்திய நிலையத்தைப் பார்த்து அதே வடிவத்தைத் தம் கருவியில் அமைப்பார். அடுத்த நிலையம் அதைச் சரியாக அமைத்துவிட்டதா எனவும் பார்த்துக்கொள்வார். செய்தியின் பொருள் அவருக்குத் தெரியாது. குறியீட்டு நூல் முக்கிய நிலையங்களின் மேலாளர்களிடம் மட்டுமே இருந்தது.

பிணையத்தின் வடிவம்

லீல் தடத்தைத் தொடர்ந்து 1798 இல் இசுட்ராசுபூர்க், பிரெசுட்டு ஆகிய நகரங்களுக்கும் தடங்கள் அமைந்தன. ஒவ்வொரு தடமும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தொடர் வடிவம் கொண்டது. எல்லாத் தடங்களும் பாரிசில் கூடியமையால் பிணையம் முழுவதும் விண்மீன் வடிவம் பெற்றது.

இவ்வடிவம் இரு காரணங்களால் பொருந்தியது. முதலாவது செலவு. ஒவ்வொரு தடத்துக்கும் சில கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும், அதற்குப் பணியாளர்களும் தேவைப்பட்டதால், தடங்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பது இன்றியமையாதது. இரண்டாவது கட்டுப்பாடு. எல்லாச் செய்திகளும் தலைநகரில் வந்து சேருவதையே அரசு விரும்பியது.

இதன் குறையும் அவ்வடிவத்திலேயே இருந்தது. இடையில் ஒரேயொரு குன்றின் மீது மூடுபனி படர்ந்தாலும் அதற்கு அப்பாலுள்ள நகரம் துண்டிக்கப்பட்டது. செய்தி செல்ல வேறு வழி இல்லை.

நெருக்கடியும் இறப்பும்

நெப்போலியன் ஆட்சிக்கு வந்த பின்னர் தந்திக்கான நிதி குறைக்கப்பட்டது. வணிகச் செய்திகளையும் அனுப்பி வருவாய் ஈட்டலாம் எனச் சாப் முன்வைத்த திட்டங்களில், பரிசுச்சீட்டு முடிவுகளை அனுப்புவது மட்டுமே ஏற்கப்பட்டது. 1801 முதல் அதன் வருவாய் பிணையத்தைத் தாங்கியது. இதற்கிடையில், முன்னர் உதவிய பிரெகேயும் எசுப்பானியப் பொறியாளர் பெத்தான்கூரும் தம்முடைய முறையே சிறந்தது என வாதிட்டனர். வேறு சிலர் கண்டுபிடிப்புக்கே உரிமை கோரினர். இவற்றாலும் நோயாலும் மனச்சோர்வுக்கு உள்ளான சாப், 1805 சனவரி 23 அன்று பாரிசில் தந்தி நிருவாக அலுவலகத்தின் கிணற்றில் வீழ்ந்து உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

இறப்புக்குப் பின்

சாப்பின் சகோதரர்கள் 1830 வரை பிணையத்தை நிருவகித்தனர். 1834 இல் தெற்கே அவிஞ்ஞோனையும் போர்தோவையும் இணைக்கும் தடம் அமைந்தது. இதனால் பாரிசு, லியோன், அவிஞ்ஞோன், துலூசு, போர்தோ, தூர் ஆகிய நகரங்களைச் சுற்றிவரும் ஒரு பெரிய வளையம் உருவாயிற்று. ஒரு பக்கம் தடைப்பட்டால் மறு பக்கமாகச் செய்தி அனுப்பும் வாய்ப்பு இதன் மூலம் கிடைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் தொடர் வடிவத்தின் மற்றொரு குறையும் வெளிப்பட்டது. பிளான் சகோதரர் எனப்பட்ட போர்தோ நகர முதலீட்டாளர் இருவர், தூர் நகரப் பணியாளர் ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்து, அரசுச் செய்திகளுக்கு நடுவே பொய்க்குறி ஒன்றைச் சேர்க்கச் செய்தனர். அக்குறியைத் தவறு எனக் காட்டும் குறியும் உடன் அனுப்பப்பட்டது. இடைநிலையங்கள் பொருள் அறியாமல் படியெடுத்தமையால், அப்பொய்க்குறி நீக்கப்படாமலேயே போர்தோ வரை சென்றது. அங்கு அதைக் கண்டு பாரிசுப் பங்குச் சந்தையின் போக்கை அவர்கள் முன்கூட்டியே அறிந்துகொண்டனர். 1836 இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1837 இல் தந்தியை அரசின் தனியுரிமையாக்கும் சட்டம் வந்தது.

1840களில் 500க்கும் மேற்பட்ட நிலையங்களும் சுமார் 5000 கி.மீ. நீளத் தடங்களும் 29 நகரங்களை இணைத்தன. 1850களில் மின் தந்தி இதன் இடத்தை முழுமையாகப் பிடித்தது.

கணினிப் பிணையங்களுடன் ஒப்பீடு

கணினிப் பிணையங்களின் வடிவங்களையும் இதே அளவுகோல்களால் ஒப்பிடலாம். பத்துக் கணினிகளை இணைப்பதாகக் கொள்வோம்.

* தொடர் வடிவம்: 9 இணைப்புகள் போதும். செலவு குறைவு. இடையில் எங்கு அறுந்தாலும் பிணையம் இரண்டாகப் பிரியும்.
* பாட்டை வடிவம்: எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொள்ளும். 1973 இல் தோன்றிய ஈதர்நெட் முதலில் இவ்வடிவத்தையே கொண்டிருந்தது. வடம் பழுதானால் பிணையம் முழுவதும் நிற்கும். ஒரே நேரத்தில் இருவர் அனுப்பினால் செய்திகள் மோதிக்கொள்ளும்.
* விண்மீன் வடிவம்: ஒவ்வொரு கணினியும் தனி வடத்தால் நடுவிலுள்ள சுவிட்சுடன் இணையும். ஒரு வடம் பழுதானால் அக்கணினி மட்டுமே பாதிக்கப்படும். பழுதைக் கண்டறிவதும் எளிது. ஆனால் நடுக்கணு நின்றால் எல்லாம் நிற்கும்.
* வளைய வடிவம்: 10 இணைப்புகள் தேவை. இரு திசையிலும் செய்தி செல்லக்கூடிய வளையத்தில் ஓர் இணைப்பு அறுந்தாலும் தொடர்பு நிலைக்கும். ஒரு திசை வளையத்தில் அவ்வாறு இயலாது.
* முழுக் கண்ணி வடிவம்: ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் நேரடியாக இணைவதால் 45 இணைப்புகள் தேவை. உறுதி மிகுதி, செலவும் மிகுதி.

இம்முறையில் 29 நகரங்களை இணைத்திருந்தால் 406 தடங்கள் தேவைப்பட்டிருக்கும். எனவே பெரிய பிணையங்கள் நடுவழி ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றன. 1969 இல் தொடங்கிய ஆர்ப்பாநெட் பகுதிக் கண்ணி வடிவில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கணுவுக்கும் குறைந்தது இரண்டு இணைப்புகள் இருத்தல் வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நெறி. 1834 இல் பிரான்சின் தெற்கே சேர்க்கப்பட்ட தடமும் இத்தேவையையே நிறைவு செய்தது.

நினைவுச் சின்னங்கள்

சாப்பின் கல்லறை பாரிசின் பெர் லாசேசு இடுகாட்டில் உள்ளது. 1893 இல் பாரிசில் நிறுவப்பட்ட இவரது வெண்கலச் சிலை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அகற்றப்பட்டு உருக்கப்பட்டது. பிரான்சில் இவருடைய தந்தி நிலையங்கள் சில மீளமைக்கப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* தந்தி
* கணினிப் பிணையம்
* ஆர்ப்பாநெட்