எண்ணத்தில் முளைத்த வலை

இணையம் பொறியியல் அறிஞர்களின் ஆக்கம், அதன் பிறப்பில் கலை பயில்வோர்க்குப் பங்கில்லை என்று கூறுவோர் உண்டு. வரலாறு பயிலும் மாணவனாகிய நான் அக்கூற்றை ஏற்பதற்கில்லை. கணிப்பொறிகளையெல்லாம் ஒரே வலையாக இணைக்கலாம் எனக் கனவு கண்டோருள் தலையாய ஒருவர் உளவியல் அறிஞர். ஜோசப் கார்ல் ராப்நெட் லிக்லைடர் என்பது அவர் பெயர். அப்பெருமகனாரின் வாழ்வை என் உடன்பயிலும் தோழர்க்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில் 1915 மார்ச் 11 அன்று லிக்லைடர் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. சிறுவயதில் விளையாட்டு விமானங்கள் செய்வதில் ஆர்வம். வளர்ந்தபின் பழைய மோட்டார் வண்டிகளை வாங்கிப் பிரித்துப் பூட்டுவதில் ஆர்வம். அந்நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், உளவியல் ஆகிய மூன்றையும் முதன்மைப் பாடங்களாகப் பயின்று 1937இல் பட்டம் பெற்றார். செவியில் விழும் ஒலியை மனிதன் எவ்வாறு உணர்கிறான் என்பதை ஆராய்ந்து, 1942இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர் ஹார்வர்டிலும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பணியாற்றினார். புகழ் பெற்ற பின்னரும் எல்லோரும் தம்மை ‘லிக்’ என்று அழைப்பதையே விரும்பிய எளியவர் அவர்.

1957இல் அவர் ஒரு விந்தையான ஆராய்ச்சியில் இறங்கினார். ஆய்வுக்குரிய பொருளும் அவரே! தம் வேலை நேரம் எவ்வாறு கழிகிறது என்று குறித்து வந்தார். சிந்திப்பதற்கென ஒதுக்கிய நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு, செய்தி தேடுவதிலும் கணக்கிடுவதிலும் வரைபடம் தீட்டுவதிலுமே போயிருந்தது. பல மணி நேரம் பாடுபட்டு எண்களை ஒழுங்குபடுத்திய பின், அவற்றிலிருந்து முடிவு காணச் சில நொடிகளே போதுமாயிருந்தன. சிந்திக்கப் பிறந்த மனிதன் எழுத்தர் வேலையிலேயே வாழ்நாளைக் கழிப்பதா? இவ்வினாவே இணையத்தின் விதை என்பது என் துணிபு.

அக்காலக் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். துளையிட்ட அட்டைகளில் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, விடைக்காக வெளியே காத்துக் கிடக்க வேண்டும். இந்நிலை மாறி, மனிதனும் கணிப்பொறியும் எதிரெதிரே அமர்ந்து உரையாடும் துணைவர்களாக வேண்டும் என 1960இல் ஒரு கட்டுரை வரைந்தார். அதன் தொடக்கத்தில் அவர் காட்டிய உவமை அத்திமரம். அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி இருப்பதை நாம் அறிவோம். பூச்சியின்றி அத்தி காய்க்காது; அத்தியின்றிப் பூச்சி வாழாது. அத்தகைய உறவையே அவர் வேண்டினார்.

1962 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சித் திட்ட முகமையில் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். கையில் வந்த நிதியைப் பல்கலைக்கழகங்களுக்கு வாரி வழங்கி, இளம் ஆய்வாளர்களை ஊக்குவித்தார். 1963 ஏப்ரலில் அவர்களுக்கெல்லாம் ஒரு குறிப்பு அனுப்பினார். விண்மீன் மண்டலங்களுக்கிடையிலான கணிப்பொறி வலையின் உறுப்பினர்கள் என்று அவர்களை விளையாட்டாக விளித்திருந்தார். விளையாட்டுக்குள் வினையும் இருந்தது. வெவ்வேறு மொழி பேசும் கணிப்பொறிகள் ஒன்றையொன்று எவ்வாறு புரிந்துகொள்ளும் என்று அதில் அவர் கேட்டிருந்தார்.

1964இல் அவர் அப்பதவியை விட்டகன்றார். ஆயினும் விதை முளைத்தது. பின்னாளில் அதே பதவிக்கு வந்த ராபர்ட் டெய்லர் வலைக்கு நிதி பெற்றார். லாரன்ஸ் ராபர்ட்ஸ் அதை வடிவமைத்தார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரியிட்டு, கிடைத்த வழியில் அனுப்பி, சேருமிடத்தில் ஒன்றுகூட்டும் முறையை அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்டிருந்தனர். 1969 அக்டோபர் 29இல் ஆர்ப்பாநெட் என்னும் அவ்வலையில் முதற்செய்தி சென்றது. அவ்வாண்டின் இறுதியில் நான்கு நிலையங்கள் இணைந்திருந்தன. வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த பொதுவான பேச்சுமுறையை 1983 ஜனவரி 1 அன்று அவ்வலை ஏற்றது. லிக்லைடர் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்க இருபதாண்டுகள் ஆயின.

இவை யாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. 1968இல் டெய்லருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், இவ்வலை சிலருக்கு மட்டும் வாய்க்கும் சலுகையாகுமா, அனைவர்க்கும் உரிய உரிமையாகுமா என்று அவர் கவலையுற்றார். ஒரு சிலரே அதன் பயனைத் துய்ப்பாராயின், அறிவில் உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகும் என அஞ்சினார். வலை பிறக்கும் முன்பே எழுந்த அச்சம் இது! 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. என் தங்கைக்கும் எனக்கும் ஒரே வேளையில் பாடம். ஒருவர் கற்க மற்றவர் காத்திருந்தோம். அவ்வறிஞரின் அச்சம் எத்துணை உண்மையானது என்பதை அந்நாட்களை எண்ணும்போதெல்லாம் உணர்கிறேன்.

உலகளாவிய வலைக்கான திட்டத்தை டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் முன்வைத்தார். அது மக்கள் கைக்கு வருமுன்னரே, 1990 ஜூன் 26 அன்று, தம் 75ஆம் வயதில் லிக்லைடர் மறைந்தார். அவர் கண்ட வலை உலகெங்கும் பரவிவிட்டது. அவர் கேட்ட இரண்டு வினாக்களோ இன்னும் நம்முன் நிற்கின்றன. மிச்சமாகும் நேரத்தில் நாம் சிந்திக்கிறோமா? அவ்வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுகிறதா? விடை கூறும் கடமை, பொறியியல் பயில்வோரைப் போலவே கலை பயிலும் நமக்கும் உண்டு.