லைக்கா தந்த ஒர்க்‌ஷாப்காரர் ஆஸ்கர் பார்னாக்

மலர்க்குழுத் தம்பிகள் வீட்டுக்கு வந்து, பழைய மாணவர் என்ற முறையில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டார்கள். நியூட்டனும் எடிசனும் சர் சி.வி. ராமனும் வருஷா வருஷம் நம் மலரில் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு விஞ்ஞானிகளோடு அவ்வளவு பழக்கமில்லை. ஒரு மெக்கானிக்கைத் தெரியும். நான் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே ஜெர்மனியில் இறந்துபோனவர். அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது ரிப்பேரான ஒரு கேமரா.

1987. நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். அக்கா கல்யாணத்துக்கு பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த சித்தப்பாதான் போட்டோ எடுத்தார். லைக்காவைப் பார்த்துச் செய்த பழைய வெளிநாட்டுக் கேமரா, கறுப்பு வெள்ளை ஃபிலிம். கழுவிப் பார்த்தால் மண்டபத்துக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்ததெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. வெளியே கோயில் வாசலில் நல்ல வெயிலில் எடுத்த படங்களில் மட்டும் ஒரு ஓரம் மூன்றில் ஒரு பங்கு கறுப்பு. அப்பத்தா நின்றது அந்த ஓரத்தில். அப்பத்தாவை வேறு யாரும் போட்டோ எடுத்ததில்லை. அந்த வருஷ ஆடியில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சித்தப்பா லென்ஸைக் குறை சொன்னார், ஃபிலிமைக் குறை சொன்னார். நான் டிப்ளமோ படிக்கிற மிதப்பில், ஷட்டர்தான் காரணம், நான் சரி செய்கிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டேன். அதில் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் ஆள்.

ஆஸ்கர் பார்னாக் 1879 நவம்பர் 1-ஆம் தேதி, பெர்லினுக்குத் தெற்கே லினோ என்ற சிற்றூரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. சிறு வயதிலேயே வானியல் கருவிகள் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். அரம், லேத், நுண்ணிய பல்சக்கரம் என்று கையால் கற்ற தொழில். 1902-இல் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனியில் வேலை. அங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பக்கம் போய்ப் படம் எடுக்கிற ஆசை பிடித்துக்கொண்டது.

அந்தக் காலத்துக் கேமரா என்றால் 13-க்கு 18 செ.மீ. கண்ணாடித் தகடு, தகடு வைக்கும் சட்டங்கள், முக்காலி, தோல்பெட்டி. ஒரு ஆள் சுமை. பார்னாக்குக்கு ஆஸ்துமா. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். சுமையைக் குறைத்தே ஆகவேண்டும். சின்ன நெகட்டிவ் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் என்ன என்று அப்போதே யோசித்தார். ஒரே தகட்டில் பல சிறு படங்களைப் பதித்துப் பார்த்தார். அந்தத் தகட்டின் பொடி (கிரெயின்) கரடுமுரடாக இருந்ததால் பெரிதாக்கியபோது படம் சகிக்கவில்லை. யோசனையை ஓரமாக வைத்தார், விடவில்லை.

ஸைஸில் அவருக்கு எமில் மெஹாவ் என்று ஒரு நண்பர். சினிமா புரொஜக்டர் ஆராய்ச்சிக்காக வெட்ஸ்லார் ஊரிலுள்ள லைட்ஸ் மைக்ராஸ்கோப் கம்பெனிக்குப் போனவர், பார்னாக்கையும் சிபாரிசு செய்தார். உடம்பு சரியில்லாத என்னை எடுப்பார்களா என்று பார்னாக் தயங்கினாராம். எடுத்தார்கள். 1911 ஜனவரியில் போய்ச் சேர்ந்தவர் சோதனைப் பட்டறைக்குப் பொறுப்பாளர் ஆனார்.

அங்கே சினிமா ஃபிலிம் கைக்கு வந்தது. 35 மி.மீ. அகலம், இரு பக்கமும் துளை, நல்ல மென்மையான பொடி. சினிமா ஃபிரேம் 18-க்கு 24 மி.மீ. பார்னாக் அதை இரண்டாக்கினார். நான்கு துளைக்கு ஒரு படம் என்பதை எட்டுத் துளைக்கு ஒரு படம் ஆக்கி, ஃபிலிமைக் குறுக்காக ஓடவிட்டார். 24-க்கு 36 பிறந்தது அப்படித்தான். இன்று டிஜிட்டலில் ஃபுல் ஃபிரேம் என்று சொல்லி விற்பதும் இதே அளவுதான். 1914-இல் சட்டைப் பையில் போடத்தக்க கேமரா தயார். முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அந்த வருஷம் நியூயார்க் போனபோது ஒன்றைக் கையோடு கொண்டுபோனார். பிறகு முதல் உலகப்போர் வந்து எல்லாவற்றையும் தள்ளிப் போட்டது. 1920-இல் வெட்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோது பார்னாக் அந்தக் கேமராவோடு தெருத்தெருவாகப் போய் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

இனி ஷட்டர். தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

ஃபிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய துணித்திரைகள் இரண்டு. பொத்தானை அமுக்கினால் முதல் திரை ஓடி வழி திறக்கும், இரண்டாம் திரை பின்னாலேயே ஓடி மூடும். நடுவில் உள்ள இடைவெளிதான் ஃபிலிமின் மேல் வெளிச்சத்தை வழித்துக்கொண்டு போகிறது. 1/30-க்கு மேற்பட்ட வேகங்களில் ஃபிலிம் முழுவதும் ஒரே சமயத்தில் திறப்பதே இல்லை. 1/500-இல் சில மி.மீ. பிளவு மட்டுமே. திரை ஷட்டர் பார்னாக் கண்டுபிடித்தது அல்ல, பெரிய கேமராக்களில் முன்பே உண்டு. அதை உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்து, ஃபிலிமை நகர்த்துகிற அதே திருகில் திரையையும் சுற்றவைத்ததுதான் அவர் வேலை. ஒரு பெரிய தொல்லை இருந்தது. முதல் கேமராவில் திரையைத் திரும்பச் சுற்றும்போதும் பிளவு திறந்தே இருந்தது. ஒவ்வொரு தடவையும் லென்ஸை மூடிபோட்டு மறைக்கவேண்டும், மறந்தால் படம் போச்சு. 1923-இல் சோதனைக்காகச் செய்த இருபது சொச்சம் கேமராக்களிலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீரவில்லை. சுற்றும்போது இரண்டு திரையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து தானே மூடிக்கொள்ளும் ஷட்டரோடு லைக்கா கடைக்கு வந்தது 1925-இல்.

அதற்கு முந்தைய வருஷம் கம்பெனிக்குள் பெரிய விவாதம். ஜெர்மனியில் பணவீக்கம் அடித்த அடியில் தொழில் படுத்திருந்தது. மைக்ராஸ்கோப் கம்பெனிக்குக் கேமரா எதற்கு என்று பலர் எதிர்த்தார்கள். லைட்ஸ் துணிந்து சரி என்றார். மாக்ஸ் பெரெக் 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் செய்து கொடுத்தார். 1925 லைப்ஸிக் வசந்தக் கண்காட்சியில் லைக்கா வெளியானது. லைட்ஸ், கேமரா இரண்டின் முதல் எழுத்துக்கள்.

சரி, என் கதை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் இருட்டாக்கி, வெளிச்சத்தில் தட்டிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை, கண்ணுக்கு எல்லாம் ஒரே மின்னல். வழி காட்டியது எலெக்ட்ரானிக்ஸ் நண்பன். தூர்தர்ஷன் படம் ஒரு செகண்டுக்கு 15,625 கோடுகளாக வரையப்படுகிறது. 1/500 செகண்டில் சுமார் 31 கோடுகள். கேமரா வழியாக டி.வி. திரையைப் பார்த்துத் தட்டினால், சாய்வான வெளிச்சப் பட்டை ஒன்று தெரியவேண்டும். அதன் உயரம் திரையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே கனம். எங்கள் கேமராவில் பட்டை போகப் போக மெலிந்து, முக்கால் தூரத்துக்குள் காணாமலே போனது. இரண்டாம் திரை முதல் திரையை வழியிலேயே பிடித்துவிடுகிறது! ஃபிளாஷ் படங்கள் ஏன் தப்பின என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவை 1/30. அதில் முதல் திரை போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாம் திரை கிளம்பும்.

காரணம் தெரிந்ததும் முதல் திரையின் ஸ்பிரிங்கை அரைச் சுற்று முறுக்கினேன். பட்டை சரியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் வேறு. பத்தே நாளில் எண்ணெய் திரையில் ஊறியது, அதிக இழுப்பில் நாடா பிய்ந்தது. சித்தப்பா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பார்னாக்கைப் பற்றித் தேடிப் படித்தது அதன்பிறகுதான். திரைகள் ஓடும்போது வேகம் கூடிக்கொண்டே போகும், பிளவும் அகன்றுகொண்டே போகும். இரண்டும் ஒரே மாதிரி வேகம் எடுத்தால், எந்த இடத்திலும் திறப்புக்கும் மூடலுக்கும் உள்ள நேரம் மாறாது. ஆகவே ஒரு திரை மட்டும் சரியாக இருப்பது என்பதே கிடையாது. என் கேமராவில் ஸ்பிரிங் தளரவில்லை. பழைய கிரீஸ் பிசினாகி உருளையைப் பிடித்திருந்தது. அதைத் துடைக்காமல் ஸ்பிரிங்கை முறுக்கியது பிரேக் போட்டுக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் மிதித்த கதை. கழுவி, நாடா மாற்றி, இரண்டு ஸ்பிரிங்கையும் முடிந்தவரை லேசாக வைத்துக் கால் சுற்றுக் கால் சுற்றாகக் கூட்டி டி.வி. முன்னால் உட்கார்ந்து பொருத்த எனக்கு ஒரு செமஸ்டர் லீவு முழுக்க ஆயிற்று.

பார்னாக் ஓயவில்லை. 1932-இல் தூரமானி இணைந்த லைக்கா, 1933-இல் ஒரு செகண்ட் வரை மெதுவான வேகங்கள். அதற்குத் தனிப் பல்சக்கரத் தொடர். பழைய லைக்காவில் ஒரு செகண்ட் வைத்தால் இழுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது என்றால் அங்கேதான் எண்ணெய் காய்ந்திருக்கும். 1935-இல் 1/1000. அடுத்த வருஷம், 1936 ஜனவரி 16-ஆம் தேதி, பாட் நௌஹைமில் காலமானார். வயது 56. 1923 வரிசையில் அவர் சொந்தமாக வைத்திருந்த 105-ஆம் எண் கேமரா 2022-இல் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று.

எங்கள் கேமரா ஏலத்துக்கெல்லாம் ஆகாது. என் பீரோவில் இருக்கிறது, கல்யாண நெகட்டிவும் பக்கத்தில். அப்பத்தா இருந்திருக்க வேண்டிய ஓரம் வெறும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பழைய குழல் டி.வி. ஒன்றையும் இந்த ஒரு காரியத்துக்காகவே பத்திரமாக வைத்திருக்கிறேன், இப்போதைய தட்டை டி.வி. இதற்கு உதவாது. ஷட்டர் ஓடாத பழைய கேமரா உங்கள் வீட்டில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்.