தோல் தைத்த அறிஞர் வில்லியம் கேரி

இங்கிலாந்து தேசத்திலே மோல்டன் என்னும் சிற்றூரில் பழைய குடிசையொன்று நினைவுச் சின்னமாய்ப் பேணப்பட்டது. அங்குள்ள பொருள்களுள் ஒன்று, தோலை நீரில் ஊறவைக்கும் தொட்டி. அத்தொழிலால் பிழைத்தவர் வில்லியம் கேரி.

1761ஆம் ஆண்டில் பாலர்ஸ்பரியில் நெசவாளர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், 14ஆம் பிராயத்தில் பிடிங்டன் கிராமத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரிடம் தொழில் பயில அமர்ந்தார். குத்தூசி பிடித்த காலத்திலேயே இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். தாள்களை ஒட்டித் தாமே வரைந்த உலகப் படத்தைத் தொழிற்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்.

1793இல் வங்காளம் சேர்ந்தார். 1801இல் வங்காள மொழியிற் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவ்வாண்டே கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1818இல் தோழரிருவருடன் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினார். 1834இல் காலஞ்சென்றார்.

உயர் அதிகாரிகள் கூடிய விருந்தொன்றில், இவர் முன்னாளிற் சப்பாத்துச் செய்தவரன்றோ என்று படைத்தலைவர் ஒருவர் ஏளனமாய் வினவினாராம். செய்தவரல்லர், பழஞ் சப்பாத்தைச் செப்பனிட்டவர் மாத்திரமே என்று கேரி விடையிறுத்தாராம்.

தோற்றொழிலாளரை இழிவாய் எண்ணும் வழக்கம் நம் நாட்டுக் கற்றோரிடத்தும் இன்னும் அற்றொழியவில்லை. கேரியைப் போற்றும் நாம், நமது காலணியைத் தைக்கும் கைகளுக்கு என்ன மதிப்பளிக்கிறோம்?