எடைக்குப் போன புத்தகமும் கோட்டையூர் ரோஜா முத்தையாவும்

நம் கல்லூரியை விட்டு வெளியே போன பிறகு நான் கலந்துகொண்ட முதல் ஏலம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. பாகப்பிரிவினை முடிந்த பழைய வீடு. தேக்குக் கட்டில், சாய்வு நாற்காலி, பித்தளை அண்டா, இரும்புப் பெட்டி என்று எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைத்திருந்தாங்க. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி முடிக்கையில் சாய்வு நாற்காலி 3,500 ரூபாய்க்கு என் பேரில் விழுந்தது. பெரிய சாதனை செய்த சந்தோஷம் எனக்கு!

எல்லாம் போன பிறகு மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி மிச்சம் இருந்தது. உள்ளே முழுக்கப் புத்தகம். யாரும் வாய் திறந்து விலை கேட்கவில்லை. கடைசியில் பழைய பேப்பர்காரர் தராசில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மேலே கிடந்த இரண்டு மூன்றை நானும் புரட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் அச்சடித்த கூத்துக் கதைப் புத்தகம் ஒன்று, பழைய பஞ்சாங்கம் ஒன்று. அட்டை இல்லை, பூச்சி அரித்திருக்கிறது என்று கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வேலை விஷயமாகச் சென்னை போயிருந்தபோது, நண்பர் ஒருவர் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அதே மாதிரிப் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை, கைக்குழந்தையைத் தூக்குகிற பதனத்தோடு ஒரு பெண் எடுத்து மேசை மேல் வைத்தார். அன்றைக்குத்தான் முத்தையா யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் கதையை இந்த மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியதும் அன்றைக்குத்தான்.

முத்தையாவின் ஊர் செட்டிநாட்டுக் கோட்டையூர். நகரத்தார் குடும்பம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் நடத்திப் பணம் சேர்த்தவர்கள் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி அரண்மனை மாதிரி வீடு கட்டிய சீமை அது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி கையை விட்டுப் போயிற்று. அடுத்த தலைமுறையில் வீடுகள் பல பங்காளிகளுக்கு இடையே சிக்கின, சில இடிபட்டன. தூணும் கதவும் நிலைக்கண்ணாடியும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. இன்றும் அந்தக் கடைத்தெருவுக்கு நாடெங்கும் இருந்து ஆள் வருகிறார்கள். நாற்காலிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் வாடிக்கைக்காரர் உண்டு. அதே வீட்டுப் பரணில் கிடந்த புத்தகக் கட்டுக்கு?

முத்தையா செட்டியார் சென்னைக்கு வந்தது 1950 வாக்கில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக. நிறுவனத்தின் பெயர் ரோஜா ஆர்ட்ஸ். அந்த ரோஜா அவர் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது. சென்னையில் அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகப் பிரியர்களுக்கு அது ஒரு திருத்தலம் என்றால் மிகையாகாது. 1985-ல் தீயில் அழிந்துபோகும் வரை எத்தனையோ வீட்டு அலமாரிகள் அங்கே வந்துதான் காலியாயின. அந்தக் கடைகளில் புத்தகம் தேடுகிற பழக்கம் முத்தையாவைப் பிடித்தது, பிறகு விடவே இல்லை. நாளடைவில் தொழிலை விட்டுவிட்டுச் சேகரிப்பே கதி என்று கோட்டையூருக்குத் திரும்பிவிட்டார்.

அவர் என்னென்ன சேர்த்தார் என்பதுதான் வியப்பு. இலக்கியம், சமயம், சித்த மருத்துவம் என்று மதிப்பான நூல்களை மட்டும் பொறுக்கவில்லை. பத்திரிகைகள், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் எல்லாமே அவருக்குப் புத்தகம்தான். மற்றவர் குப்பை என்று தள்ளியதை அவர் ஆவணம் என்று எடுத்து வைத்தார்.

மேல்நாட்டில் முதற்பதிப்புக்குத் தனி மவுசு உண்டு. 1623-ல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதி ஒன்று 2020-ல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி டாலருக்குப் போனது. தமிழ் முதற்பதிப்புகளுக்கு அப்படிக் கூவி ஏலம் கேட்கிற கூட்டம் கிடையாது. அதனால் அவற்றுக்கு மதிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தகடூர் அதியமானையும் ஔவையாரையும் பற்றி மேடை தவறாமல் பேசுகிறோம். அந்தப் பாடல்கள் உள்ள புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் சுவடிகளிலிருந்து அச்சில் கொண்டுவந்தது 1894-ல். அதற்கு முன்பு அது ஏடு வைத்திருந்த சில வீடுகளின் சொத்து. ஒரு நூல் எந்தச் சுவடியிலிருந்து வந்தது, யார் பணம் கொடுத்தார், எந்த அச்சகம் என்கிற விவரங்களை முதற்பதிப்பின் முகவுரையில்தான் தேட வேண்டும். மறுபதிப்பில் பல சமயம் அவை விட்டுப்போகும்.

சேர்ப்பதைவிடக் காப்பது கஷ்டம். இன்ஜினியர் என்ற முறையில் இதைக் கொஞ்சம் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலிவுப் புத்தகங்கள் மரக்கூழ்த் தாளில் அச்சாயின. அந்தத் தாளில் உள்ள அமிலம் அதையே தின்றுவிடும். முதலில் பழுப்பாகும், பிறகு மடித்தால் அப்பளமாக நொறுங்கும். வெயிலும் ஈரமும் இதை வேகப்படுத்தும். போதாக்குறைக்குக் கரையான், இராமபாணப் பூச்சி. இத்தனை பகையையும் எதிர்த்து ஒரு தனி மனிதர், அரசு உதவியோ பெரிய நிறுவனமோ பின்னால் இல்லாமல், தன் ஊரில் ஒரு நூலகத்தையே கட்டிக் காத்தார். ஆராய்ச்சியாளர்கள் கோட்டையூரைத் தேடி வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் கிடைக்காதது அவரிடம் கிடைத்தது.

1992-ல் முத்தையா காலமானார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் பின்னால் நின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றிருந்தால் அந்தச் சேகரம் ஊருக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். நாற்காலியை ஒற்றையாக விற்றாலும் அது நாற்காலிதான். ஆனால் ஒரு நாடக நோட்டீஸ், அதே ஆண்டின் பத்திரிகையும் பாட்டுப் புத்தகமும் பக்கத்தில் இருந்தால்தான் முழுசாகப் பேசும். நல்லவேளை, சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் சேகரம் முழுவதையும் மொத்தமாக வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்கு ஏற்றிப் போகவில்லை. நுண்படம் எடுத்துக்கொண்டு மூலப் பிரதிகளைத் தமிழ்நாட்டிலேயே விட்டது. மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையில் நூலகம் உருவானது. முதலில் முகப்பேரில் இருந்தது, பிற்பாடு தரமணிக்கு வந்தது. இப்போது கணினியிலும் பதிவாகிறது.

நம் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் எத்தனை கூத்து வாத்தியார் வீடுகளில் பெரிய எழுத்துப் புத்தகமும் கையெழுத்து நோட்டும் கிடக்கின்றனவோ! இந்த மலரைப் படிக்கிற சீனியர்களே, தம்பி தங்கைகளே, தாத்தா வீட்டைக் காலி செய்கிற நாள் நம் எல்லோருக்கும் வரும். கட்டிலுக்கும் அண்டாவுக்கும் ஏலம் கேட்க ஆள் தானே வருவார்கள். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து முதல் பக்கத்தில் உள்ள ஆண்டையும் அச்சகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நூலகத்துக்குக் கடிதம் போடுங்கள். அரை நாள் வேலைதான்.

அந்தச் சாய்வு நாற்காலி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. நல்ல தேக்கு, ஒரு குறையும் சொல்ல முடியாது. அதில் உட்கார்ந்து புத்தகம் எடுக்கும்போதெல்லாம் தராசில் ஏறிய அந்தப் பெட்டிதான் கண்ணில் நிற்கிறது.