காவிரியைத் திருப்பிய காட்டன் துரை

பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடத்தைப் பார்த்த நண்பர்களுக்குத் தெரியும், அங்கே அது ஒரு வாய்க்கால் அளவுதான். அந்தத் தண்ணீரும் வராமல் போகாதிருக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் சர் ஆர்தர் காட்டன்.

பி.யூ.சி. வகுப்பில் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஓடுகிற பொருள் நேராகத்தான் போகப் பார்க்கும்; பக்கவாட்டில் ஒரு விசை வந்தால்தான் திரும்பும். அந்தப் பாடத்தை ஆற்றிலேயே நடத்திக் காட்டினார் இவர்.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ராணுவப் பொறியாளராக 1821-ல் சென்னைக்கு வந்தார். பிறகு காவிரிப் பாசன வேலை அவரிடம் வந்தது. அப்போது டெல்டாவின் நிலைமை மோசம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், போக்கும் நேர். புவியீர்ப்பு இழுக்கிற பக்கம்தானே தண்ணீர் போகும்? தெற்கே காவிரி மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் காய்ந்தன.

காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணீரைத் தேக்கி வைக்க அல்ல, மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தத்தான். மட்டம் உயர்ந்ததும் தண்ணீர் தானாகக் காவிரிப் பக்கம் திரும்பிக்கொண்டது. மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் திருப்பியது கொஞ்சம் கூடிப்போயிற்று. பாய்ந்து வந்த நீர் காவிரிப் படுகையை அரித்தது. பிறகு காவிரித் தலைப்பிலும் குறுக்குச் சுவர் கட்டி அளவுபடுத்த வேண்டியதாயிற்று. விசை குறைந்தாலும் கஷ்டம், மிஞ்சினாலும் கஷ்டம்!

1847-ல் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கினார். 1852-ல் அது முடிந்தது. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். 1899-ல் இங்கிலாந்தில் காலமானார்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. நாம்தான் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மில் கடைமடை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.